உறுமாத கம்ப்யூட்டர்

ஏலக்காரருக்குத் தொண்டையைக் கொடுத்த அன்றைக்குக் கடவுள் அளவு பார்க்க மறந்துவிட்டான். மொத்த வியாபாரக் காய்கறிச் சந்தையில், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் ஏறி நின்று அவர் "தக்காளி! யார் கேக்குறீங்க!" என்று ஒரு குரல் விட்டால், வாசலில் லாரியைப் பின்னுக்கு எடுக்கிறவன்கூடப் பிரேக்கை மிதிப்பான். அதே மனிதர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பூனை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். பகலில்தான் தூங்குவாள். அதனால் அந்த வீட்டில் பகல் முழுக்கக் கிசுகிசுப்புதான். உதட்டின் மேல் ஒரு விரல் வைத்தால் 'அம்மா தூங்குறாங்க' என்று அர்த்தம். கதவு, நாற்காலி, பாத்திரம் எல்லாமே அந்த விரலுக்குக் கட்டுப்பட்டவை.

வீட்டில் அவருடைய செல்லங்கள் இரண்டு. ஒன்று மகள். நீச்சலில் தவளை போலக் கைகாலை விரித்து நீந்தும் பந்தயத்தில் கெட்டிக்காரி என்பதால் அவளைத் 'தவளக்குட்டி' என்பார். இன்னொன்று, கூடத்து மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். அதில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டு, ராத்திரி பகலாய் உட்கார்ந்து படித்து, தன் கையாலேயே லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டவர் அவர். அன்றிலிருந்து சந்தையில் கத்தரிக்காய் வாங்க வருகிறவனிடம்கூட லினக்ஸ் பெருமை பேசித்தான் அனுப்புவார். கேட்டவர்கள் பாவம், கத்தரிக்காய்க்காகப் பொறுத்துக்கொள்வார்கள்.

போன வாரம்தான் விபரீதம் நடந்தது. நீச்சல் போட்டியின் அரையிறுதியில், விசில் ஊதுவதற்கு முன்பே தவளக்குட்டி தண்ணீரில் பாய்ந்துவிட்டாள் என்று சொல்லி அவளை நீக்கிவிட்டார்கள். வருஷம் முழுக்க விடியலில் எழுந்து பயிற்சி செய்த பெண், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்து ஏலக்காரருக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. விசில் ஊதியவரிடம் நியாயம் கேட்கப் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில், அதுவரை படம் பிடித்துக்கொண்டிருந்த போன் கைநழுவிக் குளத்தில் விழுந்து உயிரை விட்டது. நல்லவேளை, அதற்குள் இருந்த மெமரி கார்டு பிழைத்துக்கொண்டது.

"ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள வீடியோவோட ஆட்சேபம் குடுங்க. நியாயம் இருந்தா பைனல்ல சேத்துக்குவாங்க. அதுக்கப்புறம் நானே கேட்டாலும் நடக்காது," என்று சொல்லியிருந்தார் பயிற்சியாளர்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாமல் அப்பாவும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். வீடியோ ஓடியது. ஓடியது என்று சொன்னால் அது பொய். நாலடி நடந்தது, நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி நாலடி நடந்தது. பெண்கள் மேடைமேல் குனிகிறார்கள், படம் உறைகிறது. சத்தம் 'கர்ர்' என்று அறுந்து போகிறது. அடுத்துப் பார்த்தால் தவளக்குட்டி தண்ணீருக்குள் இருக்கிறாள். எது முதலில் வந்தது, விசிலா பாய்ச்சலா? அந்த ஒரு இடத்தை மட்டும் எலி கடித்துக்கொண்டு போனமாதிரி இருந்தது.

"கூட்டத்து இரைச்சலுக்கு நடுவுல எனக்கு நிச்சயமா ஏதோ சத்தம் கேட்டுச்சுப்பா. விசில்னு நெனச்சுத்தான் பாஞ்சேன். யாருமே நம்ப மாட்டேங்கிறாங்க," என்றாள் மகள்.

"நான் நம்புறேன்டா கண்ணு. அந்த ஆளு விசில ஊதிட்டு ஊதலைங்கிறான். அவன் முகத்துல கரியப் பூசுறேன் பாரு," என்று கிசுகிசுத்தார் ஏலக்காரர்.

"அம்மா போனுக்கு அனுப்பிப் பாக்கலாமாப்பா?"

அவ்வளவுதான், ஏலக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் லினக்ஸ்ல ஓடாத படம் கைப்பிடி அளவு போன்ல ஓடிடுமா? செத்த சும்மா இரு."

முதலில் பழியை வீடியோ பிளேயர் மேல் போட்டார். அதை விட்டு வேறொன்றில் திறந்தார். அதே விக்கல். கார்டிலிருந்து நேராக ஓட்டுவதால்தான் என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டருக்குள் நகல் எடுத்துப் பார்த்தார். அதே விக்கல். இணையத்தில் லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் மன்றத்தில் போய் முறையிட்டார். முகம் தெரியாத ஒரு புண்ணியவான் பதில் போட்டான்: படத்தைப் பிரித்துக் காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்காமல், மொத்தப் பாரத்தையும் பிராசஸர் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள், அதற்கான டிரைவர் மென்பொருளைப் போடுங்கள் என்று.

"பாத்தியா! ஒருத்தனே எல்லா மூட்டையையும் தூக்குறான், பக்கத்துல ஒருத்தன் கையக் கட்டிட்டு நிக்கிறான்," என்று சொல்லிக்கொண்டே டிரைவரைப் போட்டார், அமைப்பை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். முன்பு நாலடி நடந்த படம் இப்போது பத்தடி நடந்தது. ஆனால் சரியாக அந்த இடம் வந்ததும் மறுபடியும் விக்கியது. ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. ஏலக்காரர் கையைப் பிசைந்தார்.

மகள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கை வைத்தாள். "ப்பா, முன்னெல்லாம் இது பேய் மாதிரி உறுமுமே? இப்ப ஏன் இவ்ளோ கம்முனு இருக்கு?"

ஏலக்காரர் படீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கம்முனுதான் இருக்கும்! மனைவி நைட் டியூட்டிக்கு மாறிய புதிதில், இந்த விசிறிச் சத்தத்தில் அவள் தூக்கம் கெடுகிறதே என்று, கம்ப்யூட்டரை 'பவர் சேவர்' முறையில் போட்டு, பிராசஸர் ஒரு அளவுக்கு மேல் ஓடாதபடி பூட்டி வைத்தவர் அவரேதான். அது வேகம் எடுக்காததால் விசிறியும் வாய் திறக்கவில்லை. உதட்டில் விரல் வைத்த மனிதர், பெட்டிக்கும் விரலை வைத்துவிட்டுச் சுத்தமாக மறந்து போயிருந்தார்.

"அப்ப பூட்டத் தொறங்கப்பா!"

"தொறந்தா உறுமுமேடி. உள்ள அம்மா தூங்கிட்டிருப்பா. என்ன செய்ய?"

"தாராளமா உறுமட்டும்," என்று படுக்கையறை வாசலிலிருந்து குரல் வந்தது. மனைவி தலையை முடிந்துகொண்டு நின்றாள். "நீங்க ரெண்டு பேரும் கிசுகிசுக்கிற சத்தத்துல எவ தூங்குவா? எம் பொண்ணு பைனலுக்குப் போறதா வேண்டாமா? போடுங்க."

பூட்டைத் திறந்தார். கம்ப்யூட்டர் ஒரு முறை செருமியது. பிறகு பல நாள் அடக்கி வைத்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து உறுமத் தொடங்கியது. வீடியோ ஓடியது. அடடா, என்ன ஓட்டம்! தண்ணீரில் விழும் வெளிச்சம்கூட நெளிந்து நெளிந்து தெரிந்தது. "எப்புடி!" என்று ஏலக்காரர் மார்தட்டினார். பெண்கள் மேடைமேல் குனிந்தார்கள். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

ஸ்பீக்கர் அதிர ஒரு குரல் கேட்டது: "பாயுடி தவளக்குட்டி!"

தவளக்குட்டி பாய்ந்தாள். அதற்கப்புறம்தான், நிதானமாக, விசில் ஊதியது.

ஏலக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. விசில் ஊதிய பிறகுதான் தான் வாய் திறந்ததாக அவர் சத்தியமாக நம்பியிருந்தார்.

"என்னங்க," என்றாள் மனைவி, "இந்தக் குரல எங்கயோ கேட்ட மாதிரி இல்ல?"

"இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்..."

"எத்தன தடவ போட்டாலும் அது நீங்கதான். வீட்டுல எலி மாதிரி இருந்துட்டு, வெளிய போய் எம் பொண்ணு தலையில கல்லப் போட்டீங்களே!"

அவர் மகளைப் பார்த்தார். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் பொய் சொல்லலைன்னு இப்பத் தெரியுதாம்மா? சத்தம் கேட்டுச்சுல்ல?" என்று அம்மாவிடம் கேட்டாள். அதைக் கேட்டதும் ஏலக்காரருக்கு மளுக்கென்று கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு வாரமாக விசில் ஊதியவனைத் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து தன் மேலேயே விழுந்ததுபோல் இருந்தது.

மனைவியின் போனை வாங்கிப் பயிற்சியாளரைக் கூப்பிட்டார். "மாஸ்டர், அவ மேல தப்பில்ல. கத்தினது நான். என் குரலக் கேட்டுத்தான் பாஞ்சா. வீடியோ அனுப்புறேன். நான்தான் காரணம்னு எங்க வேணாலும் வந்து சொல்றேன்," என்றார். சந்தையையே அதிர வைக்கும் குரல் அப்போது பாதிகூட எழும்பவில்லை.

வெளிச் சத்தத்தால் பாய்ந்தது பெண்ணின் தவறாகாது என்று போட்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். பைனலில் அவளுக்கு ஒரு இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: அவள் அப்பா குளத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

ஆகவே பைனல் அன்று மனைவி லீவு போட்டு மகளோடு போனாள். ஏலக்காரர் தனியாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நேரடி ஒளிபரப்பைப் பார்த்தார். விசிறி உறுமிக்கொண்டிருந்தது, படம் ஒரு தடவைகூட விக்கவில்லை. அவருடைய லினக்ஸ் அதுவரை அவ்வளவு அழகாக ஓடியதே கிடையாது. ஆனால் பெருமையடித்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை, அவருக்கு அந்த நினைப்பும் இல்லை.

பெண்கள் மேடை ஏறினார்கள். தவளக்குட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். குனிவதற்கு முன்னால் கேமராவை நேராகப் பார்த்து, ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

ஏலக்காரர் காலி வீட்டில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

விசில் ஊதியது. அவள் பாய்ந்தாள். அதை நன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் கையை எடுத்தார். எடுத்ததும் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார், எதிர்வீட்டு நாய் குரைத்தது. ஏலக்காரர் காதில் எதுவும் விழவில்லை. அவர் கத்திக்கொண்டே இருந்தார்.