மறியலில் இருந்த இன்னொருத்தி

ஊர்க்காவல் படையில் பெண்களுக்கு ஓர் இடம்தான் காலி. அம்பாசமுத்திரத்திலிருந்து சுகன்யாவும் அவள் தோழி மாரிச்செல்வியும் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஓட்டத்தில் சுகன்யாதான் முதலாவதாக வந்தாள். நேர்காணலில் அதிகாரி கேட்டார்.

“குடிதண்ணி மறியல்ல உன் மேல வழக்கு இருக்காமே? கூட வந்த பிள்ளைதான் சொல்லுச்சு.”

இருந்தது. அன்று மறியலில் மாரிச்செல்வியும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போலீஸ் துருவிக் கேட்டும் சுகன்யா அந்தப் பெயரைச் சொல்லவில்லை. இப்போதும் சொல்லாமல் எழுந்து வந்தாள்.

அடுத்த மாதம் பேருந்து நிலையத்தருகே, காக்கி உடுப்பில் நின்ற மாரிச்செல்வி, சாலையைக் கடக்க வந்த சுகன்யாவைக் கண்டதும் கைநீட்டிப் பேருந்தை நிறுத்தினாள்.

“பைய போ, சுகன்யா.”

“பஸ்ஸ விடுங்க, மேடம். நான் நிக்கேன்.”