பெயர் அறுந்த கிளை

கணினிகளை வாடகைக்கு விடும் கடைக்காரர் பழைய சர்வரை எடுத்துப்போக வந்து நின்றபோது, அத்தான் அதைத் துடைத்து முடித்திருந்தார். "ஒரு எழுத்துகூட மிச்சமில்ல, குளிப்பாட்டித்தான் அனுப்பறேன்" என்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

டயர் கடைக்கு மேலே இரண்டே அறைகள். லிஃப்ட் கதவுகளை இயக்கும் மென்பொருளை அக்காவும் அத்தானும் அங்கேதான் எழுதினார்கள். எழுதியதும் திருத்தியதும் எல்லாம் அந்தப் பழைய சர்வரில் சேர்ந்திருந்தன. அதைத் தன் கணினியில் பிரதி எடுத்துப் புதிய சர்வரில் ஏற்றும் வேலை அக்காவின் தங்கையிடம் வந்தது. நடப்பதே தெரியாமல் நடப்பாள் என்பதால் அவளைப் பூனை என்றே கூப்பிடுவார்கள்.

ஏற்றியாகிவிட்டது. திறந்து பார்த்தாள். கோப்புகள் எல்லாம் இருந்தன. அப்போது அக்காவின் ஃபோன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"கதவு பிராஞ்ச் வந்துடுச்சாடி?"

பூனை கிளைகளின் பட்டியலைத் திறந்தாள்.

அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, வலக்கையில் கட்டுப் போட்டு வீட்டில் கிடக்கிறாள். கூடவே விழுந்த லேப்டாப் சுக்குநூறாகிவிட்டது. குழந்தையின் விரல் இடுக்கில் இருந்தால் கதவு உடனே திறந்துகொள்ள வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் அவள் எழுதிய திருத்தம், முதன்மைக் கிளையோடு இன்னும் சேராமல், 'கதவு' என்ற பெயரில் தனிக் கிளையாக, அதாவது பிராஞ்சாக, பழைய சர்வரில் மட்டுமே இருந்தது. நாளை லிஃப்ட் கம்பெனியிடம் கொடுத்தாக வேண்டும்.

"பாத்துச் சொல்றேன்க்கா."

"இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு? இருக்கா இல்லையா?"

புதிய சர்வரில் ஒரே ஒரு கிளைதான் இருந்தது. முதன்மைக் கிளையை மட்டும் ஏற்றியிருக்கிறாள். மற்ற கிளைகளின் பெயர்களாவது தன் பிரதியில் இருக்குமென்று தேடினாள். அவையும் இல்லை. புதிய இடத்தில் இல்லாத பெயர்களை நீக்கிவிடு என்று, சுத்தமாக இருக்கட்டுமே என்று, காலையில் அவளே கட்டளை கொடுத்திருந்தாள்.

பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"என்ன பூனை, மூஞ்சி வெளுத்துப் போச்சு? எலி தப்பிச்சிடுச்சா?" என்றார் அத்தான்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"அக்காவோட பிராஞ்ச் போயிடுச்சு அத்தான். நான்தான் அழிச்சேன்."

அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. "தள்ளு, நான் பாக்கறேன்" என்று விசைப்பலகைக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க!"

அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. போனது பெயர்தான். எழுதியது பெயரில்லாமல் அவள் பிரதிக்குள் கிடக்கலாம். ஆனால் வேண்டாத குப்பை என்று நினைத்து இயந்திரமே அதை எப்போது வேண்டுமானாலும் பெருக்கித் தள்ளிவிடும். முதலில் முழுப் பிரதியையும் ஒரு பென் டிரைவில் போட்டாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. அது முடிகிறவரை விசைப்பலகையைக் கையால் மூடிக்கொண்டாள்.

பிறகு எந்தக் கிளையின் பெயரும் இல்லாமல் கிடக்கும் பதிவுகளைத் தேடினாள். எண்ணும் எழுத்துமாக வரிகள் வந்து விழுந்தன. ஒன்று அவளுடையது. ஒன்று அத்தானுடையது. அடுத்ததில் அக்காவின் குறிப்பு இருந்தது.

"இதோ இருக்குடி தாயே!" என்றார் அத்தான்.

"படிடி." மேசையிலிருந்து அக்காவின் குரல். ஃபோனை யாரும் அணைக்கவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பூனை படித்தாள். "'விரல் பட்டதும் கதவு நிற்கும்.'"

"அது பழசு. நின்னா போதாது, திறக்கணும். அதுக்கப்புறம்தான் மாத்தினேன்."

இன்னும் சில வரிகளே மிச்சம். ஒவ்வொன்றாகத் திறந்தாள். இல்லை. இல்லை. கடைசிக்கு முந்தியதைத் திறந்து படித்தாள்.

"'பட்டதும் திறக்கும். என் விரலையே வைத்துப் பார்த்துவிட்டேன்.'"

அக்கா "அதேதான்" என்றாள்.

பூனை அந்தப் பதிவுக்கு மறுபடி கிளைப் பெயர் வைத்துப் புதிய சர்வரில் ஏற்றினாள்.

"வந்துடுச்சு" என்றார் அத்தான்.

"இதுல பாக்காதீங்க, இது என் பிரதி" என்றாள் பூனை. "புது சர்வர்லேருந்து அந்த ரூம் கம்ப்யூட்டர்ல இறக்கிப் பாருங்க. அக்கா குறிப்போட கடைசி வரியச் சத்தமாப் படிங்க."

அத்தான் எழுந்து போனார். பென் டிரைவை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, அவர் வாசிப்பதைக் கேட்க அந்த அறை வாசலில் நின்றாள் பூனை.