கொடியில் கிடந்த சிவப்புச் சட்டை

கோணாமலையின் இணையப் பக்கத்துக்கு 'வாவிக்கரை' என்று பெயர். நகரத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்த அவர், பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து வரிவரியாகத் தானே எழுதிக் கட்டிய பக்கம் அது. சுனாமி அடித்த வாரத்தில், வெளிநாட்டில் இருந்த ஊர்ச்சனம் தொலைபேசியில் அழுதது. வீடு நிற்கிறதா, கோயில் நிற்கிறதா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். வாயால் சொல்லி மாளாமல், ஒவ்வொரு வளவாகப் போய்ப் படமெடுத்து அதில் போட்டார். அப்படித்தான் தொடங்கியது.

அழிவின் படங்கள் முடிந்த பிறகும் அவர்கள் விடவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டு வந்து, தன் வளவின் பின்பக்கம் ஒரே இடத்தில் நின்று வாவியை ஒரு படம் எடுப்பார். அதன்கீழ் நாட்குறிப்பாகச் சில வரிகள்: தண்ணீர் எவ்வளவு ஏறியது, இறால் பட்டதா, யாருக்குக் கலியாணம். பொய் ஒரு சொல்லும் அதில் எழுதுவதில்லை என்று பிள்ளையார் முன்னால் நேர்ந்திருந்தார். படத்தின் இடது மூலையில் பக்கத்து வளவுப் புஸ்பத்தின் துணிக்கொடி எப்போதும் விழும். அதை யாரும் கவனித்ததில்லை. கோணாமலையும்தான்.

வீட்டில் கணினி இருந்தது, இணையம் இல்லை. வேலை முடிந்து வரும்போது காத்தான்குடியில் இறங்கி, அப்ஹாமின் இணையக் கடையில் இருந்து படத்தை ஏற்றுவார். பார்க்கிறவர்கள் எழுத ஒரு விருந்தினர் பக்கமும் வைத்திருந்தார். அதில் அப்ஹாமுக்கு எப்போதும் ஒரு பகிடி.

"அண்ணன், உங்கட பக்கம் பத்துப் பேருக்கு மேல தாங்காதா? பதினோராவது ஆள் வந்தா முதல் வந்த ஆளத் தள்ளி விழுத்துது. நான் நல்லதா ஒண்டு போட்டுத் தாறன்."

"வேணாம் தம்பி. நானே கட்டின வீடு. சின்னதுதான், பத்துப் பேர் இருக்கலாம்."

யுத்தம் வடக்கில் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டின் பங்குனி மாதம். சனிக்கிழமை காலை கைத்தொலைபேசி அடித்தது. சுவிசில் இருந்து மனைவி அஜந்தாவின் தங்கை விதுர்ஷா. குரலில் அவ்வளவு சந்தோசம்.

"அத்தான், நேத்துப் போட்ட படத்தப் பாத்தன். புஸ்பமக்காட கொடியில கிடக்கிற சிவப்புச் சட்ட நான் அனுப்பினதுதானே? நெஞ்சில வெள்ளச் சிலுவ போட்டது. நிலோஜன் வந்திட்டானா? உங்கட பக்கத்திலயும் கேட்டு எழுதியிருக்கன்..."

"புள்ள, மறுகா எடு," என்று கோணாமலை அழைப்பைத் துண்டித்தார். 

நிலோஜன் புஸ்பத்தின் ஒரே மகன். சுனாமிக்குப் பிறகு, பதினாறு வயதில், அகதி முகாமில் இருந்து இயக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டவன். இரண்டு வருடத்தில் தப்பி ஓடி, கரடியனாற்றுக்கு அங்கால் ஒரு வட்டையில், வயல் காவற்குடிசையில் ஒளிந்து கிடந்தான். காய்ச்சல் தாங்காமல் அந்த வாரம்தான் தாயிடம் வந்திருந்தான். அப்படி வந்து ஆமியிடம் பிடிபட்ட பொடியன்கள் சிலர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தாய்மாருக்குத் தெரியாது. விதுர்ஷா சுனாமி நேரம் அனுப்பிய அந்தச் சட்டை அன்றைக்கு அவனுக்குப் பெரிது. புஸ்பம் அதைப் பெட்டிக்குள் வைத்திருந்து இப்போது போட்டுவிட்டாள். வியர்த்து நனைந்ததைத் தோய்த்துக் காயப்போட்டாள். தனியாக வாழும் பெண்ணின் கொடியில் ஓர் ஆண்பிள்ளையின் சட்டை.

புஸ்பம் இதை அஜந்தாவிடம் சொல்லியிருந்தாள். அஜந்தா கோணாமலையிடம் சொல்லியிருந்தாள். தெரிந்திருந்தும், தண்ணீரை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணால் அவர் படம் எடுத்துவிட்டார்.

உடனே அப்ஹாமை அழைத்தார். "தம்பி, கடையிலயா நிக்கிற? என்ட பக்கத்தத் திற. விருந்தினர் பக்கத்தில கடைசியா..."

சத்தம் நின்றுபோனது. தொலைபேசியில் சிக்னல் கோடுகள் ஒன்றும் இல்லை. அப்படி நின்றால் என்ன அர்த்தம் என்று அந்த நாட்களில் எல்லாருக்கும் தெரியும். படலையில் இருந்து அஜந்தா ஓடிவந்தாள்.

"சந்தியில ட்ரக் நிக்குது. ஒழுங்கை ஒழுங்கையாச் செக் பண்ணிக்கொண்டு வாறாங்க."

விதுர்ஷா சொன்னதை அவர் சொன்னார். அஜந்தா ஒரு கணம்தான் நின்றாள். வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் புஸ்பத்தின் வளவுக்குப் போனாள். சட்டையோடு திரும்பினாள்.

"இதப் போடுங்க."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். வயித்த எக்குங்க."

"அஜந்தா, நான் பொய் சொல்லமாட்டன். உனக்குத் தெரியும்."

"உங்கள ஆர் பொய் சொல்லச் சொன்ன? புஸ்பமக்காட்டக் கேட்டுத்தான் எடுத்து வந்த. இந்தா, உங்களுக்குத் தந்தாச்சு. போட்டுக்கிட்டு, கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்க."

கோணாமலை சட்டைக்குள் தலையை நுழைத்தார். அது தொப்புளுக்கு மேலேயே நின்றது. அஜந்தா தங்கள் வீட்டு ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வேலியைக் கடந்தாள். அவருடைய சாரன்கள், காற்சட்டை, தன் சேலை எல்லாவற்றையும் புஸ்பத்தின் கொடியில் விரித்துப் போட்டாள். அதற்குள் புஸ்பம் மகனைத் தோணியில் படுக்கவைத்து, மேலே வலையைப் போட்டு, வாவியோரக் கண்டல் மரங்களுக்குள் தள்ளிவிட்டிருந்தாள்.

இரண்டு ஆமிக்காரரும், சாதாரண உடுப்பில் துவக்கு வைத்திருந்த ஓர் இளைஞனும் வந்தார்கள். அவன் ஊர்த்தமிழ் பேசினான். முதலில் புஸ்பத்தின் வீட்டைப் புரட்டினார்கள். பிறகு இங்கே வந்தார்கள்.

"இண்டர்நெட்டில படம் போடுற கோணாமலை ஆரு?"

"நான்தான்."

"நேத்துப் படத்தில பக்கத்து வளவுக் கொடியில ஒரு சிவப்புச் சட்ட..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவருடைய நெஞ்சைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பார்த்தான். "இதா?"

"இதுதான்."

"ஆரு தந்த?"

"பெஞ்சாதிட தங்கச்சி சுவிசில இருந்து அனுப்பினது."

"அப்ப அது ஏன் புஸ்பத்திட கொடியில கிடந்த?"

கோணாமலை அஜந்தாவைப் பார்த்தார். அஜந்தா முந்திக்கொண்டாள்.

"எங்கட வளவு முழுக்கப் பலா நிழல் மனே. அங்கதான் வெயில். எட்டிப் பாரு, எங்கட உடுப்பு இப்பவும் கிடக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். சாரன்கள் காற்றில் ஆடின. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாமா, இந்த வயசில உங்களுக்கு என்ன ஸ்டைலு! தும்மிப் போடாதீங்க, கிழிஞ்சிரும்."

ஆமிக்காரர்களும் சிரித்தார்கள். ஆனால் படலையடியில் அவன் திரும்பியபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"படத்துக்குக் கீழ ஆரோ ஒரு பேரச் சொல்லி எழுதியிருக்காம். ஒருத்தன் சொன்னான். காம்ப்பில கம்ப்யூட்டர் கிடக்கு, பாத்திட்டு வாறன். எங்கயும் போயிராதீங்க."

அவர்கள் போனார்கள். கோணாமலை வாசற்படியில் உட்கார்ந்தார். இருபது கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு திரையில் அந்தப் பெயர் இருக்கிறது. தானே கட்டிய வீடு, தானே வைத்த கதவு, ஓடிப்போய் மூட முடியவில்லை. எழுதியது பகையாளி அல்ல. பிள்ளை பிழைத்து வந்தானா என்று அன்போடு கேட்டவள். அவருக்குப் பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. 'அந்தப் பிள்ளைய விட்டிரு அப்பனே' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வெயில் ஏறியது. சட்டை நெஞ்சை இறுக்கியது. ஆனால் அவர் அதைக் கழற்றவில்லை. வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. புஸ்பம் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"புஸ்பம், பிழை என்னில. நான் பாத்து எடுத்திருக்க வேணும்."

"குடிங்க. விடியத்தொட்டு ஒண்டும் குடிக்கல்ல நீங்க."

மகன் காய்ச்சலோடு வலைக்கு அடியில் கிடக்கும்போது இன்னொருவரின் தாகத்தை நினைக்க அவளால் முடிந்தது. கோணாமலை குனிந்த தலை நிமிராமல் குடித்தார்.

பின்னேரம் ஒழுங்கையில் வாகனம் ஒன்றின் சத்தம் கேட்டது. புஸ்பம் வேலியைப் பிடித்தாள். அஜந்தா எழுந்து நின்றாள். சத்தம் கிட்ட வந்தது, வளைவில் மெதுவானது. பிறகு அந்தப் பழகிய மெட்டு ஒலித்தது. பேக்கரியில் இருந்து பாண் விற்க வருகிற ஆட்டோ. அஜந்தா படலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். சந்தியில் ட்ரக் போய்விட்டது என்று பாண்காரர் சொன்னார். இருட்டும்வரை பார்த்திருந்தார்கள். யாரும் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் காத்தான்குடியில் இறங்கி, கோணாமலை கடைக்குள் நுழைந்தார். அப்ஹாம் திரையை அவர் பக்கம் திருப்பினான். விதுர்ஷாவின் வரிகள் இல்லை. வேறு பத்து வரிகள் இருந்தன.

'படம் நல்லம். வானம் இன்னும் கொஞ்சம் நீலமா இருந்திருக்கலாம். அப்ஹாம்.'

'உங்கட ஊரில இறால் என்ன விலை? ஸுஹைனா.'

'மகன் கோணாமலைக்கு ஸலாம். உங்கட பெஞ்சாதிட முழங்கால் வருத்தம் சுகமா? எனக்கு எழுதத் தெரியாது, மருமகள் எழுதுறா. ஹவ்வா உம்மா.'

அதன்கீழ் ஒரு புடவைக்கடைக்காரர் எழுதியிருந்தார், அவருக்குக் கீழே அசனார் என்ற ஒருவர். கோணாமலை முகம் அறியாத மனிதர்கள். ஒவ்வொருவரும் வாவியைப் பற்றி, காற்றைப் பற்றி ஏதோ கேட்டிருந்தார்கள். பத்துப் பேரும் சேர்ந்து ஒரு பெயரைத் தள்ளி விழுத்தியிருந்தார்கள்.

"தம்பி, நீ அதப் பாத்தியா?"

"எத அண்ணன்? நான் ஒண்டும் பாக்கல்ல." அப்ஹாம் விசைப்பலகையைத் துடைத்தான். "சனிக்கிழம சும்மா ஒரு பத்துப் பேருக்கு உங்கட பக்கத்தில எழுத ஆச வந்திச்சு. கேட்டாங்க, எழுத விட்டன்."

 கோணாமலை அவனுடைய கையை ஒருமுறை பிடித்துவிட்டு எழுந்தார். வெள்ளிக்கிழமைப் படத்தைப் பக்கத்தில் இருந்து எடுக்க நினைத்தவர், எடுத்தால் அதுவே கேள்வியாகும் என்று அப்படியே விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குள் நிலோஜனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் இருக்கும் தாய்மாமன் வந்து தோணியில் ஏற்றிப் போயிருந்தார். கோயிலில் இருந்து வந்த கோணாமலை வழமையான இடத்தில் நின்றார். இம்முறை முதலில் கொடியைப் பார்த்தார். இரண்டு வீட்டு உடுப்புகளும் கலந்து கிடந்தன. நடுவில், வயிற்றுப் பக்கம் இழுபட்டுத் தொய்ந்த சிவப்புச் சட்டை. அஜந்தா அன்று முதல் அங்கேதான் காயப்போடுகிறாள்.

படத்தை எடுத்துவிட்டு உள்ளே வந்து எழுதினார்: 'இன்று வாவியில் மெல்லிய காற்று. எங்கள் துணிகள் புஸ்பத்தின் கொடியில் காய்கின்றன. அங்கேதான் நல்ல வெயில்.'

ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்தார். பொய் ஒன்றும் இருக்கவில்லை.