பிந்தி வந்த வானொலி அலை

நிசாந்தினி ஆராயும் விண்மீன் வெடித்தது தென்பட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வெடிப்பின் ஒளி வந்தது. வானொலி அலை வரவில்லை.

அந்த ஒளியில் ஐதரசன் வாயுவின் தடயம் இல்லை. விண்மீன் இறக்கும் முன்பே தன் ஐதரசன் போர்வையைக் களைந்துவிட்டது என்பது அவளுடைய வாதம். களைந்த போர்வை எங்கோ சூழ்ந்து கிடந்தால், வெடிப்பின் அதிர்வலை ஒருநாள் அதில் மோதும். மோதினால் வானொலி அலை எழும். பேராசிரியர் கடைசியாக ஓர் அவதானிப்புக்கு இசைந்திருந்தார். இம்முறையும் வெறுமையெனில் அந்த விண்மீனை ஆய்வேட்டிலிருந்து நீக்கவேண்டும். ஆய்வேட்டில் வேறு விண்மீன் இல்லை.

முடிவு வரவேண்டிய பிற்பகலில் அவள் முல்லைத்தீவில், அக்கா கிருசாந்தியின் வீட்டில் விடுமுறையில் இருந்தாள். கிருசாந்தி முற்றத்தில் விரித்த படங்கில் காய்ந்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, உன்ர ரேடியோ இன்னும் பாடேல்லையோ?”

“இல்லையக்கா.”

“தூரமெல்லோ. வெளிச்சம் முதல் வரும், சத்தம் பிறகுதான் வரும். பங்கருக்குள்ள இருந்து எண்ணினது மறந்துபோச்சே?”

மறக்கவில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்து, ஒளிக்கும் ஓசைக்கும் இடையில் அக்கா எண்ணுவாள். எண்ணிக்கை நீண்டால் எறிகணை தொலைவில் விழுந்தது என்று பொருள். அந்தக் கணக்கில் அக்கா பிழைவிட்டதில்லை. இப்போது விட்டாள்.

“இது சத்தமில்லையக்கா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ரெண்டும் ஒரே வேகத்திலதான் வரும்.”

“அப்ப ஏன் பிந்துது?”

“அதிர்வலை போய்ப் போர்வையில முட்டினாத்தான் ரேடியோவே தொடங்கும். பிந்துறதில தூரம் இருக்கு. எங்கட தூரமில்லை, நட்சத்திரத்துக்கும் போர்வைக்கும் இடையில உள்ள தூரம்.”

“அப்ப நான் சொன்னது சரி.”

“பிழையக்கா. விடை மட்டும் சரி.”

மடிக்கணினியில் வானொலித் தொலைநோக்கியின் படம் இறங்கியது. மூன்று ஆண்டுகளாகக் கருமையாகவே இருந்த இடத்தில் ஒரு வெண்புள்ளி. நிசாந்தினி அதன் அமைவிடத்தைச் சரிபார்த்தாள். நம்பாமல் மறுபடியும் பார்த்தாள்.

பிறகு கணக்கிட்டாள். போர்வை விலகிச்சென்ற வேகத்தைவிட அதிர்வலையின் வேகம் ஏறத்தாழ இருநூறு மடங்கு. ஆகவே அதிர்வலை மூன்று ஆண்டுகளில் கடந்த தொலைவைக் கடக்கப் போர்வைக்கு அறுநூறு ஆண்டுகள் பிடித்திருக்கும். விண்மீன் அதைக் களைந்ததை எவரும் பார்க்கவில்லை. விண்மீனும் இப்போது இல்லை. ஆயினும் களைந்த காலம் தெரிந்துவிட்டது. அவள் மடிக்கணினியை முற்றத்துப் பக்கம் திருப்பினாள்.

“அக்கா, பாடீட்டுது.”

கிருசாந்தி காலைத் தட்டிவிட்டு வந்து குனிந்தாள்.

“இந்த வெள்ளைப் பொட்டோ?”

“ஓம். வெடிக்க அறுநூறு வருசத்துக்கு முதல் என்ன செய்ததெண்டு சொல்லுது.”

“செத்தாப்பிறகும் இருந்த கதையைச் சொல்லுதோ? கெட்டிக்காரி.”

“ஆரைச் சொல்லுறியள்?”

“உன்னை ஏன் சொல்லப்போறன்? வெடிச்சது அதெல்லோ. வா, வந்து நெல்லை அள்ளு.”