ஊருக்குப் போனவன் பங்கு

சார்லஸுக்குக் கோடி விழுந்த சேதி வந்தபோது அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தான். குழாய் ஒன்றும் ஒழுகவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷார்ஜாவிலிருந்து லீவில் வருகிற ஜெனரேட்டர் மெக்கானிக்குக் காரைக்கால் வீட்டில் யாரும் வேலை வைப்பதில்லை. அதனால் நல்ல குழாயாகப் பார்த்துக் கழற்றிப் போட்டுப் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தான் மனிதன்.

போனில் ஜாக்சன். காரைக்காலுக்குப் பக்கத்து வரிச்சிக்குடிக்காரன், ஷார்ஜா அறையில் சார்லஸுக்கு அடுத்த கட்டில் அவனுடையது.

"அண்ணே, மொதல்ல உக்காருங்க."

சார்லஸ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நம்ம ரூம் சீட்டுக்கு அடிச்சிருச்சுண்ணே! பெரிய பரிசுண்ணே!"

அந்த அறையில் இருப்பவர்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு குலுக்கல் சீட்டு எடுப்பார்கள். ஊருக்குப் போனவன் பங்கை அடுத்த கட்டில்காரன் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். டீக்காசு விஷயத்தில் எல்லோரும் இந்தச் சட்டத்தை மதிப்பார்கள், கோடி என்று வந்தால் மதிப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். சார்லஸுக்கும் அதே சந்தேகம்தான்.

"நான்தான் லீவுல இருக்கேனேப்பா."

"இருந்தா என்ன? ஒங்க பங்க நான் போட்டேன்ல. ரூம்ல ஒருத்தர் மறுத்து வாயத் தொறக்கலண்ணே. ஒங்களுக்கு மட்டும் நம்மூரு காசுல நாலு கோடி வரும்."

சார்லஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரித்த குழாயைப் பூட்ட மறந்து உள்ளே ஓடினான்.

சொன்னபடியே, லீவு முடிவதற்குள் பணம் அவன் கணக்குக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். மனைவி சலோமியின் அண்ணன் சிலுவைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு, சார்லஸின் தோளில் கை வைத்தார். அந்தக் கை இருபது வருடமாக அந்தத் தோளின் பக்கமே வந்ததில்லை.

"மாப்ள, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏசி பார் போட்டுருவோம். மேல லாட்ஜு. சனி ஞாயிறு ஆனா அக்கம் பக்கத்துச் சனமெல்லாம் குடிக்க இங்கதானே வந்து கெடக்கு? நீங்க காசப் போடுங்க, நான் கல்லாவப் பாத்துக்கறேன்."

கல்லாவைப் பார்த்துக்கொள்ள அவர் காட்டிய ஆர்வத்தைப் பார்த்துச் சார்லஸுக்குச் சிரிப்பு வந்தது.

"நான் இங்கேயே இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணுது மச்சான்," என்று மெல்ல நூல் விட்டுப் பார்த்தான்.

"நாலு கோடியெல்லாம் இப்ப ஒரு காசா மாப்ள? ஒடம்புல தெம்பு இருக்கறப்ப இன்னும் அஞ்சாறு வருஷம் பாத்துட்டு வாங்க."

கல்லூரிக்குப் போகும் மகள் ஜெனிஷா தனக்கு ஒரு ஸ்கூட்டி போதும் என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் மனை வாங்கச் சொன்னார். சலோமியோ வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள்.

சார்லஸுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் இருக்க வேண்டும். இப்போது இருப்பது போல அல்ல. இப்போது அவன் கூடத்துக்கு வந்தால் மகள் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறாள். அவனை முதலில் உட்காரவைத்துப் பரிமாறி, அவன் கை கழுவிய பிறகுதான் தாயும் மகளும் அடுப்படியில் சாப்பிடுகிறார்கள். அங்கே அவர்கள் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பது கேட்கும். அவன் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும். பணம் அனுப்புகிறவனாகவே இருந்துவிட்டான். பணமே மொத்தமாக வந்துவிட்ட பிறகு இவர்களுக்கு அவன் எதற்கு? இந்த எண்ணம் வந்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போக வேண்டாம் என்று அவர்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்த நாலு கோடியை அரசலாற்றில் போடச் சொன்னால்கூடப் போட்டிருப்பான்.

நேரே கேட்கத் தைரியம் இல்லாதவன் குறுக்கு வழி தேடினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவலைப் பிய்த்தபடி, "இருவதாந்தேதி டிக்கெட்டு இருக்கு. கெளம்பணும்ல?" என்றான்.

சலோமியின் கையில் கரண்டி ஒரு கணம் நின்றது. ஜெனிஷா அம்மாவைப் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள் சலோமி. இன்னொரு துண்டு மீனை அவன் தட்டில் வைத்தாள்.

அவ்வளவுதான். அந்த மீனைச் சார்லஸ் எப்படி விழுங்கினான் என்பது அவனுக்கும் அவன் தொண்டைக்கும்தான் தெரியும்.

மறுநாள் காலையிலேயே சலோமி அட்டைப்பெட்டியைக் கூடத்தில் விரித்துவிட்டாள். கைமுறுக்கு, இறால் ஊறுகாய், வாசனை வெளியே வராதபடி பேப்பருக்கு மேல் பேப்பராகச் சுற்றி டேப் ஒட்டிய நெத்திலிக் கருவாடு. "ஜாக்சனுக்கு எது புடிக்கும்? ஊறுகாயா, முறுக்கா?" என்று கேட்டுக் கேட்டு அடுக்கினாள். முகத்தில் அப்படி ஒரு சுறுசுறுப்பு. பார்த்துக்கொண்டிருந்த சார்லஸுக்குக் கடைசியில் பொறுக்க முடியவில்லை.

"என்னைய அனுப்பி வைக்க அவ்வளவு அவசரமா?" என்று கத்திவிட்டான்.

சலோமி நிமிர்ந்தாள். "ஒங்கள யாரு அனுப்புறா? பெட்டியத்தான் அனுப்புறேன். அடுத்த தெரு சஃபியுல்லா பாய் மருமவன் புதன்கெழம சார்ஜா போறாரு, அவரு கொண்டுபோயிக் குடுத்துருவாரு. ஒங்க பங்க மறக்காமப் போட்ட புள்ளைங்களுக்கு இதுகூடச் செய்யலன்னா எப்புடி?"

"அப்ப என் சட்டையெல்லாம்?"

"பீரோல இருக்கு. போயிப் பாருங்க."

போய்ப் பார்த்தான். லீவில் வந்தால் அவன் சட்டைகள் சூட்கேஸை விட்டு இறங்குவதில்லை. எடுத்து, உடுத்தி, துவைத்து, திரும்ப அதிலேயே வைப்பதுதான் இத்தனை வருட வழக்கம். இப்போது பீரோவில் சலோமியின் சேலைகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க, மீதி இடம் முழுக்க அவன் சட்டைகள் அடுக்கியிருந்தன.

"அப்பறம் ஏன்டி நேத்து சரிங்கன்ன?" என்றான், பின்னாலேயே வந்த சலோமியிடம்.

"மொதத் தடவ நீங்க கெளம்புறப்ப வேன் கதவப் புடிச்சிக்கிட்டு போகாதீங்கன்னு அழுதேன்ல? அந்த வருஷந்தான் ஒங்களுக்குக் காலு ஒடஞ்சிச்சு. என் நாக்குதான் அப்புடிப் பண்ணிருச்சுன்னு, இனிமே பயணம் போறவங்கள வாயால தடுக்கமாட்டேன்னு மாதாகிட்ட நேந்துக்கிட்டேன். சட்டைய எடுத்து பீரோல வைக்கமாட்டேன்னு நேந்துக்கல."

"நான்தாம்ப்பா அடுக்குனேன்," என்றாள் அறை வாசலில் நின்ற ஜெனிஷா. "அம்மா அழுதுக்கிட்டே எடுத்துக் குடுத்தாங்க."

"இந்தக் காச என்ன பண்ணலாம்னு ஊரே சொல்லிச்சு. எங்கிட்ட ஒருத்தர் கேட்டீங்களா?" சலோமிக்குக் குரல் உடைந்தது. "இருவது வருஷமா ஒங்கள வெளியூருக்கு வித்துத்தான் இந்தக் குடும்பத்த ஓட்டுனேன். இப்ப கையில காசு இருக்கு. திருப்பி வாங்கிக்கிறேன்."

சார்லஸ் கட்டிலில் உட்கார்ந்து, மகள் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதான். இத்தனை காலம் ஏங்கிக் கிடந்தது தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தானே, அந்த மடத்தனத்துக்கும் சேர்த்து அழுதான். சலோமி கூடத்திலிருந்து பெட்டியையும் கயிற்றையும் எடுத்துவந்தாள். பிறகு கயிற்றின் ஒரு முனையை அவன் கையில் திணித்தாள்.

"அழுதது போதும், பெட்டியக் கட்டணும். இழுத்துப் புடிங்க. நல்லா இழுங்க, என்ன மனுசன் நீங்க, ஒரு கயித்த ஒழுங்காப் புடிக்கத் தெரியல?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சலோமி அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. சார்லஸ் கயிற்றை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்திப் பிடித்தான்.