பதினேழு பங்கு ஈரம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன். மார்க்கெட்டில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து எத்தனையோ முறை வசவு வாங்கியிருக்கிறேன். 1958-ஆம் வருடம், என் இருபத்துமூன்றாம் வயதில், அந்தக் குணம் வசவோடு நிற்கவில்லை.

அப்போது புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய பிரெஞ்சு வீட்டில், மண் சோதிக்கிற கூடம் ஒன்று இருந்தது. தலைவர் மோரெல் என்ற பிரெஞ்சுக்காரர்; முசியே, அதாவது ஐயா, என்றுதான் அழைப்போம். இங்கே வருவதற்கு முன் துனீசியாவின் பாலைவனத்தில் பல வருடம் மண் பார்த்தவர். அவருக்கு அடுத்தவர் சாமிக்கண்ணு அண்ணன். தராசும் உலர்த்தும் அடுப்பும் அவர் ராஜ்ஜியம். மூன்றாவது ஆள் நான், அஞ்சலாட்சி. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்த பிரெஞ்சை நம்பி என்னை ஆறு மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்திருந்தார்கள். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வெளியே, சாரம் என்ற இடத்தில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா பெயர் தில்லையம்மாள், மில்லில் நூல் சுற்றியவள். ஆள் குறைத்தபோது அவளையும் குறைத்துவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதனால் ஆறாவது மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலண்டரில் எண்ணுவேன்.

மே மாதம் துனீசியாவிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே மெழுகு பூசி மூடிய பன்னிரண்டு துணிப்பைகளில் மணல். கூடவே அங்குள்ள பொறியாளர் ஒருவரின் கடிதம். முசியே அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். ஒரு ஊரில் நாற்பது குடும்பம். அவர்களுடைய கிணறு உப்பேறிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் பெரிய வெள்ளை மணல்மேடுகள் இருக்கின்றன. அவற்றில் ஈரம் இருப்பதாக நாலு வருடம் முன்பு முசியே எழுதியிருந்தார். அதை நம்பி அந்த நாற்பது குடும்பத்தையும் மேட்டடிக்குக் குடியேற்றிப் புதுக் கிணறு தோண்டப் போகிறார்கள். அதற்கு முன் இன்னொரு முறை சோதித்துச் சொல்லவேண்டும். சரி என்றால் அடுத்த இரண்டு வருடத்துக்கு அங்கிருந்து மண் வந்துகொண்டே இருக்கும்.

"அப்படி வந்தால் உங்கள் வேலை நிரந்தரம், மத்மசேல்," என்றார் முசியே. "கடிதம்கூட அடித்து வைத்துவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி."

அன்று சாரம் வரைக்கும் நடந்தே போனேன். கால் வலிக்கவே இல்லை.

மறுநாள் பைகளைப் பிரித்தேன். ஏழாம் எண் பையில் கையை விட்டதும் திகைத்துப்போனேன். எனக்குத் தெரிந்த மணல் தேங்காய்த்திட்டுக் கடற்கரை மணல். காலைச் சுடும், பல்லில் பட்டால் நறநறக்கும். இது சர்க்கரை மாதிரி வெள்ளை. மே மாத வெயிலிலும் கைக்குக் குளிர்ந்திருந்தது. ஒரு மணியை எடுத்து நகத்தால் கீறினேன். கீறல் விழுந்தது! கல்லை நகம் கீறுமா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மணிகள் உருண்டையாகவும் இல்லை. தட்டைத் தட்டையாக, வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டு கிடந்தன.

"மண்ணெ வேடிக்க பாக்கவா சம்பளம் குடுக்குறாங்க? அடுப்புல வெய்யிம்மா," என்றார் சாமிக்கண்ணு.

எங்கள் கூடத்தில் அதுதான் முதல் சடங்கு. பாகூர் வயல் களியோ, வானூர் செம்மண்ணோ, வந்த மண்ணை எடை போட்டு, நூற்றைந்து டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்க வைப்போம். காலையில் மறுபடி எடை. குறைந்தது எவ்வளவோ அவ்வளவு ஈரம். "அடுப்புல வெச்சா மண்ணு பொய் பேசாது" என்பது சாமிக்கண்ணுவின் வேதம்.

காலையில் ஏழாம் பை மண் நூற்றுக்குப் பதினேழு பங்கு எடை குறைந்திருந்தது. தராசு பழுதோ என்று இன்னொரு தராசில் போட்டேன். அதே பதினேழு. பாகூர் வயலில் தண்ணீர் வடிந்து நாலு நாளான மண்ணில் இருக்கிற ஈரம், கடிதப்படி இரண்டு வருடம் மழை காணாத மேட்டில்!

முசியே சிறுபிள்ளை மாதிரி துள்ளினார். "அன்றைக்கும் பதினேழு! எனக்கு அன்றைக்கும் பதினேழுதான் வந்தது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாமிக்கண்ணு டீ வரவழைத்தார். நானும் சிரித்தபடி குடித்தேன். ஆனாலும் மனசு ஒட்டவில்லை. அந்தப் பைக்குள் நான் கை விட்டிருக்கிறேனே! பதினேழு பங்கு ஈரமிருந்தால் விரலில் ஒட்டாதா?

பன்னிரண்டு கிண்ணத்தையும் எடை குறைந்த வரிசைப்படி மேசையில் அடுக்கினேன். பழைய கிணற்றோரத்து மண்ணில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, அது பழுப்பு. மேட்டடிப் பள்ளத்து மண் ஒன்பது, வெளிர் மஞ்சள். மேட்டு உச்சி பதினேழு, பால் வெள்ளை. ஈரம் ஏற ஏற மண் வெளுக்கிறது. வாசல் தெளிக்கிற எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள், நனைந்த மண் கறுக்கும். இங்கே எல்லாம் தலைகீழ்.

மறுநாள் மாடியில் இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் தேங்காய்த்திட்டிலிருந்து அள்ளி வந்த ஈர மணல். இன்னொன்றில் ஏழாம் பை மணல். மே மாத வெயிலில் சாயங்காலத்துக்குள் கடல்மணல் காய்ந்து எடை இறங்கிவிட்டது. பாலைவனத்து மணல் இம்மிகூட இறங்கவில்லை. வெயிலுக்கு மசியாத ஈரம் அடுப்புக்கு மட்டும் எப்படி மசிகிறது?

விடை என் சோம்பேறித்தனத்தால் கிடைத்தது. அடுப்பிலிருந்து வந்த ஏழாம் கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். மணிகள் மங்கிப்போய், விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தன. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊறட்டும் என்று வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து கவிழ்த்தால் விழவில்லை. கரண்டியால் குத்தினால் கிண்ணம்தான் உடைந்தது. உள்ளே இருந்தது கல்.

"பிரான்சு கிண்ணம்மா அது!" சாமிக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாத்த ஊத்துன? சிமெண்டா?"

நான் அந்தக் கட்டியைத் தடவிக்கொண்டே நின்றேன். என் தம்பி கண்ணையன் மாமரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தபோது, ஆஸ்பத்திரியில் வெள்ளை மாவில் துணியை நனைத்துச் சுற்றினார்கள். அரை மணியில் அது இப்படித்தான் இறுகியது.

முசியேவின் அலமாரியில் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. கட்டுப்போடும் மாவு எப்படிச் செய்வது என்று தேடினேன். ஜிப்சம் என்கிற கல்லைச் சுட்டால் மாவாகும். நீர் விட்டால் மறுபடி கல்லாகும். ஜிப்சத்தில் நூற்றுக்கு இருபத்தொரு பங்கு தண்ணீர். ஆனால் அது ஈரமில்லை. கல்லோடு கல்லாகக் கட்டுண்டு கிடப்பது. பிழிந்தாலும் வராது, வெயிலுக்கும் போகாது, அடுப்பில் சுட்டால்தான் விடும். அந்த மேட்டில் ஈரமே இல்லை. நாங்கள்தான் மணலைச் சுட்டு மாவாக்கி, போன எடையை ஈரம் என்று எழுதியிருக்கிறோம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் அம்மாவும் நினைவில்லை, நிரந்தர வேலையும் நினைவில்லை.

புத்தகத்தில் இருந்தாலும் நான் தொட்டுப் பார்க்க வேண்டுமே. பதினேழு பங்கு குறைந்தால் மண்ணில் எண்பத்தொரு பங்கு ஜிப்சம் என்று கணக்கு வந்தது. ஜிப்சம் நிறையத் தண்ணீரில் மெல்லக் கரையும் என்றும் எழுதியிருந்தது. அடுப்பு காணாத மணலில் ஒரு கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு இரண்டு நாள் குலுக்கினேன். கண்ணெதிரே மணல் இளைத்துப் போயிற்று. வடிகட்டி எடை போட்டால் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு மிச்சம். கணக்குப்படி பத்தொன்பது இருக்கவேண்டும்; ஒன்று உதைத்தது, கையால் செய்கிற காரியத்தில் ஒன்று உதைக்கலாம்.

எங்கள் படிவத்தில் மணல், வண்டல், களி என்று மூன்றே கட்டம். சல்லடையைக் கேட்டால் ஏழாம் பை சுத்த மணல் என்கிறது. தண்ணீரைக் கேட்டால் உப்பு என்கிறது. பென்சிலால் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, "ஜிப்சம் மணல்மேடு, அடுப்பில் வைக்கக் கூடாது" என்று எழுதினேன்.

சாமிக்கண்ணு அதை நின்று நிதானமாகப் பார்த்தார். கெட்டிக்கார மனிதர், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அழிச்சிடும்மா," என்றார் மெதுவாக.

"ஏண்ணே?"

"ஈரம் இல்லன்னா கெணறு இல்ல. கெணறு இல்லன்னா அங்கேந்து மண்ணு வராது. மண்ணு வரலன்னா உனுக்கு இங்க இன்னா வேல? வேலில போற ஓணான எடுத்து நீயே மடியில வுட்டுக்குவியா? பதினேழுன்னு தராசு சொல்லிச்சு, நாம எழுதுனோம். அதுல பொய் எங்க இருக்குது?"

எனக்கும் அழிக்கத்தான் ஆசையாக இருந்தது. ரப்பரைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் அந்த நாற்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு அந்த வெள்ளை மேட்டடியில் போய் இறங்குவது கண்ணுக்குள் வந்து நின்றது. ஆள்மாற்றி ஆள் தோண்டுவார்கள். தோண்டத் தோண்டச் சர்க்கரை மாதிரி மணல்தான் வரும். இன்னும் நாலு முழம், இன்னும் நாலு முழம் என்று என் பதினேழை நம்பித் தோண்டுவார்கள்.

ரப்பரை வைத்துவிட்டு, இரண்டு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முசியேவின் அறைக்குப் போனேன். ஒன்றில் பச்சை மணல், ஒன்றில் சுட்ட மணல். இரண்டிலும் அவர் எதிரிலேயே தண்ணீர் ஊற்றினேன். என்ன விளையாட்டு என்று கேட்டவர், சுட்ட மணலில் விரலை வைத்தார். அது சூடேறியது. பிறகு இறுகியது. அவர் விரலை எடுக்கவே இல்லை. கட்டி விரலின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. நான் படிவத்தை முன்னால் வைத்தேன்.

அதைப் படித்துவிட்டு, "நாலு வருடம் முன்பு நானே என் கையால் உலர்த்தினேன்," என்றார். "புத்தகமும் என்னுடையதுதான். ஜிப்சம் என்றும் தெரியும். ஆனால் ஈரம் இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை."

யானைக்கும் அடி சறுக்கும் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் காகிதம் எடுத்துத் தந்தி வாசகம் எழுதினார். தோண்ட வேண்டாம், குடியேற்ற வேண்டாம், பிழை என்னுடையது என்று தன் பெயரிலேயே. அதைத் தட்டச்சு செய்ய என்னிடம் நீட்டினார். நான் வாங்கியபோது, மேசையோரத்தில் கையெழுத்தாகாமல் கிடந்த என் கடிதத்தை இரண்டு பேரும் பார்த்தோம்.

"உங்களுக்குப் புரிகிறதல்லவா, மத்மசேல்?"

"புரிகிறது, முசியே."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் அழுகையை வரவழைத்தது. தந்தியை அடித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலை அடுத்த மாதத்தோடு சரி என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன், ஒன்று விடாமல். அவள் நாரைப் பல்லில் கடித்தபடி கேட்டாள். மில்லில் அவளைக் குறைத்த அன்றைக்குப் பார்த்த அதே முகம். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தத் தண்ணி கல்லுக்குள்ளதான் இருக்குதா?"

"ஆமாம்மா."

"எறைக்க முடியாதா?"

"முடியாது."

அம்மா தன் எதிரே குவிந்திருந்த மல்லிகையில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"நாப்பது வூட்டுப் பொம்பளைங்க வெறுங்கொடத்தோட நின்னிருப்பாளுவ," என்றாள். "இந்தா, நீயும் கட்டு."