மரமேறியின் கல்

கொழுந்தன் முனாப் அந்தக் கல்லைச் சாக்கில் சுற்றுவதைத் திரையிடுக்கில் கண்டதும், கபன் துணிக்குச் சாம்பிராணி பிடித்துக்கொண்டிருந்த ஹபீலாவின் கை அப்படியே நின்றது.

விடிகாலையில், தூக்கத்திலேயே அவள் கணவர் ஜமால்தீன் போய்விட்டிருந்தார். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் அடக்கம். முற்றமெல்லாம் அலவத்துகொட ஊர் ஆட்கள்.

"முனாப், என்ன செய்றீங்க?" திரைக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாள்.

"மையித்து வீட்டில உருவம் கிடந்தா வானத்து மலக்குமார் இறங்கி வருவாங்களா மச்சி? ஓயாத் தண்ணியில போட்டுட்டு வாறன். நானாவுக்கு நல்லதத்தானே செய்றன்."

"உங்க நானா உசிரா வெச்சிருந்த கல்லு அது."

"காய்ஞ்ச ஓணானுக்கு உசிர வெச்ச மனுசன் ஊரிலயே அவர் ஒருத்தர்தான்!" முனாப் சாக்கின் முனையை இழுத்து மடித்தார்.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது, பழகிய கடைக்காரரான ஜமால்தீனுக்கு அன்பாய்க் கொடுத்த கல் அது. ஜெர்மனியில் செம்புச் சுரங்கத்தில் கிடைத்ததாம். கறுத்த பலகைக் கல்லில் ஒரு சின்னப் பிராணி பதிந்திருந்தது. மரத்துக்கு மரம் மிதந்து போக அதன் விலாவில் விசிறிபோல எலும்புகள்.

"இது இருந்த காட்டில அநேகமா எல்லாம் அழிஞ்சி போச்சாம் ஹபீ," என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார்! "பொறகு மெதுமெதுவா பன்னம் வந்திச்சாம், மரம் வந்திச்சாம். மரம் வந்தா ஏறுறதுக்கு ஒண்டு வராம இருக்குமா?"

கோப்பி நோயில் பட்டுப்போன பின்பக்கச் சரிவில் அவர் தேயிலை வைக்காமல் விட்டது அந்தக் கதையால்தான். பெரணிப் பன்னம் படர்ந்தது, கெந்த மரங்கள் எழும்பின. அந்திப்பொழுதில் இருவரும் பின்வாசலில் உட்கார்ந்து, இன்றைக்குப் புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். பிள்ளையில்லாத வீட்டுக்குக் குருவியும் ஓணானுமே விருந்தாளிகள். இனி, கணவனை இழந்தவள் பிற ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில், தனியே இருக்கப்போகிற நாலு மாதமும் பத்து நாளும் கல்லாவது கிட்ட இருக்க வேண்டும் அவளுக்கு.

"லெப்பை," என்று, ஓத வந்திருந்த பள்ளிவாசல் பெரியவரைத் திரைக்குள்ளிருந்து சத்தமாகவே கூப்பிட்டாள். "ஓயாவில போட முந்தி நீங்க ஒருக்காப் பாருங்க."

லெப்பை சாக்கை விரித்து, மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "இத ஆரு செதுக்கினது?"

"ஒருத்தரும் செதுக்கல்ல," என்றாள் ஹபீலா. "படைச்சவன் படைச்சது. மண்ணுக்குள்ள கிடந்து கல்லாப் போச்சு."

"அப்ப எலும்பா?"

"எலும்புதான்."

லெப்பை முனாபைப் பார்த்தார். "ராத்திரி நீ என்ன திண்டாய்?"

"ஆட்டுக்கால், லெப்பை."

"அந்த எலும்பு கிடந்த வீட்டுக்கு மலக்குமார் வரல்லையா?"

முற்றத்தில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். முனாப் விடவில்லை. "எலும்பெண்டா அடக்கணுமே?"

"அல்லாஹ் அடக்கி வெச்சதத் தோண்டினவன் வெள்ளைக்காரன். அவன்ட்டப் போய்க் கேளு. இப்ப தண்ணி சுட்டிச்சா எண்டு பாரு, நானாவக் குளிப்பாட்டணும்."

மையித்தைச் சுமந்த சந்தூக்கு படியிறங்கிப் போகும் சத்தம் தேயும்வரை ஹபீலா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து கபுறடியிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். இஞ்சிக் கோப்பி குடித்துவிட்டு ஒவ்வொருவராய்ப் போனார்கள். முனாப் மட்டும் போகவில்லை. திரையோரம் பாயில் உட்கார்ந்து, கல்லை மடியில் எடுத்து வைத்திருந்தார். காற்சட்டை விளிம்பில் கபுறு மண் அப்படியே இருந்தது.

"மச்சி."

"ம்."

"நானா இதில எதத் தல எண்டு சொல்லுவார்?"

திரைக்கு அடியிலிருந்து ஒரு விரல் நீண்டு, கல்லின் ஓரத்தைத் தடவித் தேடி, ஓரிடத்தில் நின்றது.

"அப்ப இது?"

விரல் மெல்ல நகர்ந்து விலா எலும்புகளின் மேல் ஊர்ந்தது. கடைசி எலும்புக்கு அது எட்டவில்லை. முனாப் கல்லை அவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.